மாறன் என்னும் பெயர்: வேர் தேடுவது முதல் பதிவேட்டில் ஏற்றுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பிறந்த மகனுக்கு மாறன் என்று பெயரிட விரும்பி அதன் பொருளைத் தேடுபவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கள் தரும் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒரு பட்டியல் ‘அழகன்’ என்கிறது. இன்னொன்று ‘காதற்கடவுள்’ என்கிறது. ‘வீரன்’ என்றும் ‘என்றும் மாறாதவன்’ என்றும் சொல்லும் பட்டியல்களும் உண்டு. இவற்றுள் முதல் இரண்டும் வேறொரு சொல்லுக்கு உரியவை. கடைசியாக உள்ளது இலக்கணப்படி நேர் எதிரான பொருள். இந்த வழிகாட்டி மாறன் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டு, அதன் பிறப்பைச் சான்றுகளோடு அறிவது எப்படி, இன்றைய வழக்கில் அதனைத் தேர்ந்து எழுதிப் பதிவு செய்வது எப்படி என்பதைப் படிப்படியாக விளக்குகிறது. சான்று தேடும் பொறுமை இல்லாதவர்கள் முதற்படியையும் இறுதி இரண்டு படிகளையும் மட்டுமாவது படித்துவிட வேண்டும். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன.

முதற்படி: எழுத்தை உறுதி செய்தல்

மாறன் என்பதில் உள்ளது வல்லின றகரம். மாரன் என்பதில் உள்ளது இடையின ரகரம். இவை ஒரே பெயரின் இரு வடிவங்கள் அல்ல, இரண்டு பெயர்கள். மாரன் என்பது வடமொழியின் ‘மார’ என்பதிலிருந்து வந்த, மன்மதனைக் குறிக்கும் சொல். புத்தரின் தவத்தைக் குலைக்க வந்தவனாகப் பௌத்த நூல்கள் சொல்லும் மாரனும் இவனே. ‘காதற்கடவுள்’, ‘அழகன்’ என்ற பொருள்கள் இந்த மாரனுக்கே உரியவை. குமாரன், சுகுமாரன் ஆகிய பெயர்களின் இறுதியில் கேட்பதும் இடையின ரகரமே. அவற்றுக்கும் மாறனுக்கும் உறவில்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் பேச்சுவழக்கு. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ரகரமும் றகரமும் இன்று ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. மலையாளத்தில் அந்த வேறுபாடு இன்றும் தெளிவாகக் காதில் விழுகிறது. மற்றொரு காரணம் பழமையானது. வடமொழியில் றகரம் இல்லை. ஆகவே பாண்டியர் செப்பேடுகளின் வடமொழிப் பகுதியில் இப்பெயர் ‘மார’ என்றே எழுதப்பட நேர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஒருவனை வரலாற்று நூல்கள் ‘ஸ்ரீமார ஸ்ரீவல்லபன்’ என்று குறிப்பதற்கும் இதுவே காரணம். எழுத்து இல்லாத குறையால் வந்த வடிவத்தைப் பெயரின் மூலமாகக் கொள்ளுதல் தவறு.

இரண்டு எழுத்துகளின் வேறுபாட்டைக் காதுக்கும் கண்ணுக்கும் ஒருசேர உணர்த்தும் பாசுரம் ஒன்று திருவாய்மொழியில் உள்ளது (4.5.11). ‘மாரி மாறாத’, ‘வாரி மாறாத’, ‘வேரி மாறாத’ என்று அடிதோறும் ரகரமும் றகரமும் அடுத்தடுத்து வர, அவற்றினிடையே நம்மாழ்வார் தம் பெயரைக் ‘காரிமாறன் சடகோபன்’ என்று பொருத்தி வைக்கிறார். எழுத்தில் ஐயம் வரும்போதெல்லாம் இந்தப் பாசுரத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் போதும்.

இரண்டாம் படி: வேர்ச்சொல்லைக் காணுதல்

மாறு என்னும் வினைக்கு வேறுபடுதல், பண்டமாற்றுதல், எதிராதல் என்ற பொருள்கள் உள்ளன. பெயர்ச்சொல்லாக வரும்போது மாறு என்பது பகையையும் எதிர்ப்பையும் குறிக்கும். ‘மாறுகொள்ளுதல்’, ‘மாற்றார்’ என்ற வழக்குகளில் அப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. மாறு என்பதோடு ‘அன்’ என்ற ஆண்பால் விகுதி சேர்ந்தால் மாறன், அதாவது ‘எதிர்த்து நிற்பவன்’. போர்க்குடியின் பட்டப்பெயராக இப்பெயர் வழங்கியதோடு இப்பொருள் நன்கு பொருந்துகிறது; ‘வீரன்’ என்று பட்டியல்கள் தரும் பொருளும் இதிலிருந்து சற்றே நீட்டப்பட்டதாகக் கொள்ளலாம்.

‘என்றும் மாறாதவன்’ என்ற பொருளை இலக்கணம் ஏற்காது. எதிர்மறைப் பொருள் வேண்டுமானால் எதிர்மறை இடைநிலை வேண்டும். மாறன் என்பதில் அது இல்லை. ஆனால் இந்தத் தவறான பொருள் எங்கிருந்து முளைத்தது என்பதை ஊகிக்க முடிகிறது. அன் விகுதி பெற்ற பெயரை விளிக்கும்போது ஈறு ஆகாரமாகும். முருகன் முருகா ஆவது போல மாறன் ‘மாறா’ ஆவான். ‘மாறாப் புகழ்’ என்பதில் வரும் எதிர்மறைப் பெயரெச்சமும் அதே ஒலிதான். எனவே, பெயரை அழைக்கும்போது மட்டும் அதன் எதிர்ப்பொருள் காதில் விழுகிறது. சுவையான விபத்து இது.

வேர்ச்சொல்லைத் தாமே சரிபார்க்க விரும்புவோர் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் மாறு, மாறன், மாரன் ஆகிய மூன்று தலைச்சொற்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: சங்க நூல்களில் பெயரைத் தேடுதல்

செழியன், வழுதி, தென்னவன் ஆகியவற்றோடு மாறன் என்பதும் பாண்டியர்க்குரிய பெயர் என்று நிகண்டுகள் கூறும். சங்க நூல்களைத் திறந்தால் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திர மாடத்துத் துஞ்சிய நன்மாறன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என்று மாறன்கள் வரிசையாக வருகின்றனர். ‘துஞ்சிய’ என்றால் இறந்த. ஒரே பெயரில் பலர் இருந்ததால், இறந்த இடத்தைச் சொல்லி ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். வகுப்பில் இரண்டு மாறன்கள் இருந்தால் ஆசிரியர் முன்னெழுத்தைச் சேர்த்து அழைப்பதும் இதே தேவையால்தான், முறைதான் கொஞ்சம் மென்மையானது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே சொன்ன நீண்ட பெயர்கள் பாடலுக்குள் வருபவை அல்ல. பாடலின் கீழே தொகுத்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் வருபவை. பெயரின் பழமைக்குப் பாடலின் உள்ளிருந்தே சான்று வேண்டுமானால் அகநானூற்றின் 346ஆம் பாடலைப் பார்க்கலாம். நக்கீரர் பாடிய அப்பாடலில் பழையன் மாறன் என்பவன் கூடலில், அதாவது மதுரையில், கிள்ளிவளவனோடு நடந்த போரில் தோற்ற செய்தி உவமையாக வருகிறது. ‘வெல்பவன்’ என்று மாறனுக்குப் பொருள் சொல்வோர் இந்தப் பாடலைப் படிக்காமல் இருப்பது நல்லது.

பெயரிடும் விழாவில் சொல்லத்தக்க வரி வேண்டுவோர் புறநானூற்றின் 55ஆம் பாடலை நாடலாம். இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நோக்கி மதுரை மருதன் இளநாகனார் பாடியது அது. யானையும் குதிரையும் தேரும் வீரரும் உடையவனாயினும் ‘அறநெறி முதற்றே அரசின் கொற்றம்’ என்று அறிவுரை கூறி, செந்திற் கடற்கரையில் காற்று குவித்த மணலினும் பல ஆண்டுகள் வாழ்க என்று புலவர் வாழ்த்தி முடிக்கிறார். மாறன் என்னும் பெயருடைய குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்து கிடைப்பது அரிது.

நான்காம் படி: கல்வெட்டில் பட்டத்தையும் பெயரையும் பிரித்தறிதல்

இந்தப் படிதான் மிகவும் பயன் தருவது. மாறன் அரசப் பட்டமாக மட்டுமே இருந்ததா, மனிதர்கள் வைத்துக்கொள்ளும் இயற்பெயராகவும் இருந்ததா என்ற கேள்விக்கு இலக்கியத்தைவிடக் கல்வெட்டுகளே தெளிவான விடை தருகின்றன.

பட்டமாக வழங்கியதைப் பார்ப்போம். பாண்டிய அரசர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினர். 1216இல் ஆட்சிக்கு வந்தவர் மாறவர்மன் சுந்தரபாண்டியன். 1251இல் வந்தவர் சடையவர்மன் சுந்தரபாண்டியன். 1268இல் வந்தவர் மாறவர்மன் குலசேகரபாண்டியன். இவர்களின் இயற்பெயர் சுந்தரன், குலசேகரன் என்பவையே. மாறவர்மன் என்பது அரியணையோடு வருவது. ஆகவே ‘மாறவர்மன்’ என்று காணும் இடங்களையெல்லாம் மாறன் என்ற பெயரின் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

இனி இயற்பெயர். மதுரைக்கு அருகே யானைமலையில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலின் கல்வெட்டு கலியுக ஆண்டு 3871, அதாவது பொது ஆண்டு 770ஐக் குறிக்கிறது. பாண்டியன் மாறஞ்சடையனின் அமைச்சரான மாறங்காரி அக்கோயிலை அமைத்து, நீர்தெளித்துத் தூய்மை செய்யும் முன்பே இறந்துபோக, அவர் தம்பி மாறன் எயினன் அப்பொறுப்பை ஏற்று முகமண்டபம் எடுத்து முடித்தார் என்கிறது அக்கல்வெட்டு. அண்ணன் பெயரிலும் தம்பி பெயரிலும் முன்னால் மாறன் நிற்பதைக் கவனிக்க வேண்டும். காரியும் எயினனும் அவர்களின் சொந்தப் பெயர்கள். மாறன் அவர்களின் தந்தை பெயர் என்று கொள்வதே இயல்பு. இன்றைக்கு இருந்திருந்தால் அவர்கள் மா. காரி, மா. எயினன் என்று கையொப்பமிட்டிருப்பார்கள். எட்டாம் நூற்றாண்டில் அரச குடிக்கு வெளியே ஒரு தந்தை மாறன் என்ற பெயரோடு வாழ்ந்ததை இவ்விரு பெயர்களும் காட்டுகின்றன.

பாண்டிய நாட்டுக்கு வெளியேயும் இப்பெயர் இருந்தது. தஞ்சைப் பகுதியிலுள்ள செந்தலைத் தூண் கல்வெட்டுகள் முத்தரையர் மரபின் மூன்று தலைமுறைகளைச் சொல்கின்றன: குவாவன் மாறன், அவர் மகன் மாறன் பரமேசுவரன், அவர் மகன் சுவரன் மாறன். ஒவ்வொரு பெயரின் முற்பகுதியும் தந்தையின் பெயர் என்று வைத்துப் படித்தால், பேரனுக்குப் பாட்டனாரின் பெயர் வந்திருப்பது விளங்கும். பேரன் என்ற சொல்லிலேயே அந்த வழக்கம் பொதிந்திருக்கிறது.

ஊர்ப்பெயர்களும் துணை செய்யும். கொற்கைக்கு அருகே மாறமங்கலமும் சிவகாசிக்கு அருகே மாறனேரியும் இன்றும் உள்ளன.

ஐந்தாம் படி: சமய மரபுகளில் பெயரின் இடம்

அரசர் பெயர் குடிமக்களிடையே பரவுவதற்கு வீரம் மட்டும் போதாது, வழிபாடும் வேண்டும். மாறன் என்னும் பெயருக்கு வைணவம், சைவம் இரண்டிலும் வலுவான இடம் உள்ளது.

நம்மாழ்வாரின் பிள்ளைப்பெயர் மாறன். பிறந்தவுடன் அழாமலும் பால் உண்ணாமலும் உலக இயல்புக்கு மாறாக இருந்ததால் அப்பெயர் வந்தது என்பது குருபரம்பரை மரபு. அவர் தந்தையின் பெயர் காரி. ஊர் பாண்டிய நாட்டுத் திருக்குருகூர், இன்றைய ஆழ்வார்திருநகரி. யானைமலைக் கல்வெட்டில் மாறனின் மகன் காரி. திருக்குருகூரில் காரியின் மகன் மாறன். இவ்விரு பெயர்களும் பாண்டிய நாட்டுக் குடும்பங்களில் இயல்பாகப் புழங்கியவை என்பது இதனால் தெரிகிறது. எனவே, மரபுக் கதையை நம்பிக்கையாகப் போற்றுவோர் போற்றலாம். பெயரின் வரலாறு அக்கதைக்கு முன்பே தொடங்கிவிட்டது. மதுரகவியாழ்வார் தம் ஆசிரியரைக் ‘காரிமாறப் பிரான்’ என்றே குறிப்பிடுகிறார். வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் மாணவர் ஒருவர் மாறனேர் நம்பி, அதாவது மாறனுக்கு நிகரானவர், என்று அழைக்கப்பட்டார். திருக்குருகைப் பெருமாள் கவிராயர் எழுதிய அணியிலக்கண நூலுக்கு மாறனலங்காரம் என்றே பெயர்.

சைவத்தில் சுந்தரரின் திருத்தொண்டத் தொகை இரண்டு மாறன்களைப் போற்றுகிறது. ஒருவர் ‘நெல்வேலி வென்ற நின்றசீர் நெடுமாறன்’; பாண்டிய மன்னர். மற்றவர் இளையான்குடி மாறனார். மழை கொட்டிய இரவில் பசியோடு வந்த அடியாருக்கு உணவளிப்பதற்காக, அன்று விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரிக் கொண்டுவந்த வேளாளர். முடி சூடிய மாறனும் வறுமையுற்ற மாறனும் ஒரே பட்டியலில் இருப்பதால், பிற்காலத்தில் எவரும் இப்பெயரைத் தயக்கமின்றி வைக்க முடிந்தது.

ஆறாம் படி: இருபதாம் நூற்றாண்டில் பெயர் மீண்டு வந்த வழி

இடைக்காலத்துக்குப் பின் வடமொழிப் பெயர்களும் கடவுள் பெயர்களும் மிகுந்தபோது மாறன் அன்றாட வழக்கில் அருகியது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் திராவிட இயக்கமும் சங்கப் பெயர்களை மீட்டெடுத்தன. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். தியாகராஜசுந்தரம் முரசொலி மாறன் (1934–2003) ஆனார். இந்த மூன்றாவது பெயரில் தந்தையின் பெயரோ ஊரோ நிற்கும் இடத்தில் ஒரு நாளிதழின் பெயர் நிற்கிறது. அடுத்த தலைமுறையில் தயாநிதி மாறன், கலாநிதி மாறன் என்று அது பின்னொட்டுப் பெயராகி, மேலை நாட்டார் சொல்லும் குடும்பப்பெயரின் வேலையைச் செய்யத் தொடங்கியது. பட்டமாகவும் இயற்பெயராகவும் வாழ்ந்த சொல் மூன்றாவதாக ஒரு வேடம் பூண்டது இப்படித்தான்.

பழ. நெடுமாறன், மதுரையின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த நன்மாறன், திரைப்பட இயக்குநர் வெற்றிமாறன் ஆகியோர் பெயரை மக்கள் நாவில் நிலைநிறுத்தினர். 2020இல் வெளிவந்த சூரரைப் போற்று படத்தின் நாயகன் நெடுமாறன். 2022இல் தனுஷ் நடித்த படத்தின் பெயரே மாறன். கட்சிக் குடும்பங்களின் அடையாளமாகக் கருதப்பட்ட பெயர் இன்று அந்த வண்ணத்தைப் பெரிதும் இழந்துவிட்டது என்பதே என் கணிப்பு.

ஏழாம் படி: தனியே வைப்பதா, அடைமொழியோடு வைப்பதா

மாறன் தனித்து நிற்கக் கூடிய பெயர். மூன்றே எழுத்து, அழைப்பதற்கும் எளிது. அடை சேர்க்க விரும்பினால் புணர்ச்சியைப் பிழையின்றிச் செய்ய வேண்டும். நல் + மாறன் நன்மாறன் ஆகும்; ‘நல்மாறன்’ என்று எழுதுதல் கூடாது. நெடுமாறன், இளமாறன், வெற்றிமாறன், எழில்மாறன், கதிர்மாறன், தமிழ்மாறன் ஆகியவை மாற்றமின்றிச் சேர்பவை. எனக்கு நன்மாறனும் நெடுமாறனுமே பிடித்தமானவை. சங்கப் பெயருக்குள் புதிய சொல்லைத் திணிக்காமல் அவை முழுமையாகப் பழைய வடிவிலேயே கிடைக்கின்றன. தமிழ்மாறன் என்பதை ‘தமிழுக்கு மாறானவன்’ என்று குறும்பாகப் பிரிக்க இடமுண்டு என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கட்டாயம் கண்டுபிடிப்பார்கள்.

எட்டாம் படி: ஆங்கில எழுத்தும் கடவுச்சீட்டும்

ஆங்கிலத்தில் ‘எம், ஏ, ஆர், ஏ, என்’ என்று எழுதுவதே பரவலான வழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு. நெடில் குறிக்கப்படாததால் மாறன், மாரன், மறன், மரன் ஆகிய நான்கும் ஒரே எழுத்துக்கூட்டில் அடங்கிவிடுகின்றன. இந்தி பேசுவோர் அதனைக் குறிலாகப் படித்தால், இறப்பைக் குறிக்கும் ‘மரண்’ என்ற சொல்லின் ஒலி வந்துவிடும். முதலெழுத்துக்குப் பின் ‘ஏ’ என்ற எழுத்தை இரட்டித்தால் இத்தொல்லை குறையும். வெற்றிமாறன் தம் பெயரை அவ்வாறே எழுதுகிறார். இணையத்தில் ஆங்கில எழுத்தில் தேடுவோர் வேறு மாறன்களையும் சந்திக்க நேரும்: சிரிய மொழியில் ‘மாரன்’ என்றால் ‘நம் ஆண்டவர்’, 1921இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்ற எழுத்தாளர் ரெனே மரானின் குடும்பப்பெயரும் அதே எழுத்துக்கூட்டுத்தான்.

கடவுச்சீட்டில் தனிப்பெயரை மட்டும் எழுதிக் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுதல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டதே. ஆயினும் அமெரிக்க விசாவில் அந்தத் தனிப்பெயர் குடும்பப்பெயராக மாறி, முதற்பெயர் இடத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சாகிறது. ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப்பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. ஆகவே, தந்தையின் பெயரை முன்னெழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக விரித்துக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதுவது பாதுகாப்பானது.

ஒன்பதாம் படி: பிறப்புப் பதிவேட்டில் ஏற்றுதல்

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆனால் பெயரை அப்போதே முடிவு செய்யும் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் பதிவு நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். எனவே, மாறனா நன்மாறனா என்று ஆற அமர முடிவெடுக்க நேரம் உண்டு. 2023 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்நாள் முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, வாக்காளர் பட்டியல் முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்றாகிறது. அதில் புகுந்த எழுத்துப்பிழை பின்னர் எல்லா ஆவணங்களுக்கும் பரவக் கூடும்.

வயது வந்தபின் பெயரையோ எழுத்தையோ மாற்ற விரும்புவோர் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, அதன் பிரதியைக் கொண்டு மற்ற ஆவணங்களைத் திருத்த வேண்டும். முதலிலேயே அதனைத் தவிர்க்க எளிய வழி உண்டு. விண்ணப்பத்தில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையால் தெளிவாக எழுதி, ‘வல்லின றகரம்’ என்று அருகிலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். ஆங்கில வடிவைத் தட்டச்சு செய்து அதிலிருந்து தானாகத் தமிழாக்கும் கணினியில் மாறன் மாரனாக, சில சமயம் மரணாகவே மாறிவிட வாய்ப்புண்டு. சான்றிதழில் கையொப்பம் விழும் முன், திரையில் தெரியும் தமிழ்ப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.